உலகம் முழுக்க ஒரே நேரத்தில அடிபட்டால் உதவிக்கு ஆர் வாறது? வாசிகசாலைப் பேச்சுக்குக் கேக்கிறன்

கரவெட்டிப் பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வாசிகசாலையில மாசத்தில ஒரு ஞாயிறு பின்னேரம் ஆராவது ஒராள் ஒரு விசயத்தை எடுத்துக் கதைக்கிறது வழக்கம், வாற மாசம் என்ர முறை. நான் கம்பஸில விஞ்ஞானம் படிக்கிறன், உலகப் பேராபத்துகள் எண்டு தலைப்புக் குடுத்திருக்கிறன். ஒரு கரையை, ஒரு நாட்டை மட்டும் அடிச்சிட்டுப் போற அழிவைச் சொல்லேல்ல, முழு மனுசரையும் சேர்த்துப் பாதிக்கக்கூடியது, பெரிய எரிமலை, அணுவாயுதப் போர், கொள்ளைநோய், விண்கல், இப்ப ஏஐ எண்ட செயற்கை நுண்ணறிவு எண்டும் சொல்லினம்.

தலைப்பைக் கேட்ட உடன தலைவர் ஐயா கேட்டார், "தம்பி, உது நடந்தால் எங்களால என்ன செய்யேலும், நடக்காட்டி ஏன் உதைப் பற்றிக் கதைப்பான்?" எண்டு. அவர் நக்கலுக்குக் கேக்கேல்ல, உண்மையாத்தான் கேட்டவர், அதனாலதான் எனக்கும் வடிவாப் பதில் சொல்லோணும் எண்டு கிடக்கு. வாறவை எல்லாம் தோட்டம் செய்யிற ஆக்கள், கடற்தொழில் செய்யிற ஆக்கள், ஏ.எல் படிக்கிற பிள்ளையள். பயப்படுத்திப்போட்டு வீட்ட அனுப்ப விருப்பமில்லை. உதில எதை முக்கியமா எடுக்கிறது, உண்மையிலயே குறைக்கலாமோ, யாழ்ப்பாணம் மாதிரி ஒரு மூலையில இருக்கிற எங்களுக்கு உதில என்ன வேலை, தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

லாந்தர்

தம்பி, தலைவர் கேட்டதில நியாயம் இருக்கு, பதிலும் எங்கட கரையிலயே இருக்கு. 2004 மார்கழி 26 சுனாமியை எடுங்கோ. மணற்காடு, உடுத்துறை, மருதங்கேணி எண்டு வடமராட்சி கிழக்கை அள்ளிக்கொண்டு போச்சு, முல்லைத்தீவில இன்னும் மோசம், இலங்கையில மட்டும் 30,000க்கு மேல சனம். அந்த அழிவிலயும் உள்ளுக்க இருந்த ஊர்ச்சனம் சோத்துப் பார்சலோட கரைக்கு ஓடி வந்தது, கிழமைக்குள்ள வெளிநாட்டு டொக்டர்மார், கூடாரம், மருந்து எல்லாம் வந்து இறங்கினது. ஏன் வந்தது? கடல் அடிக்காத இடம் உலகத்தில மிச்சம் இருந்தது, அதனால வந்தது. உலகப் பேராபத்து எண்டால் அந்த மிச்சம் இல்லாமப் போறது, எல்லா ஊரும் ஒரே நேரத்தில தன்ர தன்ர வயித்தைப் பாக்கிற நிலைமை. இதை முதல் சொல்லிப்போட்டுத் தொடங்குங்கோ, சனத்துக்கு உடன பிடிபடும்.

வெளியில இருந்து ஒண்டும் வராட்டி எப்பிடி இருக்கும் எண்டதை எங்கட வயசு ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 90ல சண்டையோட கரண்ட் போனது, பிறகு பற்றறி தடை, மண்ணெண்ணெய் தடை, சவுக்காரம் கூடக் கஸ்டம். ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படிச்ச பிள்ளையள்தான் இண்டைக்கு டொக்டரும் எஞ்சினியரும். சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோவில செய்தி கேட்டம். ஆனால் அப்பவும் கிளாலிக் கடல் வழியாச் சாமான் வந்தது, கப்பலில அரிசி வந்தது, அதாவது வெளியில ஒரு உலகம் ஒழுங்கா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த உலகமும் நிண்டால் எண்டதுதான் நீங்கள் கேக்கிற கேள்வி.

இப்ப நாங்கள் அந்தக் காலத்தை விடக் கூட வெளியில தங்கியிருக்கிறம். பாணுக்குக் கோதுமை முழுக்க வெளியில இருந்து, மைசூர்ப் பருப்பு வெளியில இருந்து, எரிபொருள் முழுக்க வெளியில இருந்து. 2022ல டொலர் இல்லாமப் போனதுக்கே எத்தினை நாள் பெற்றோல் செட்டில விடியக்காலமை போய் நிண்டனாங்கள், அதுக்குள்ள உலகத்தில எண்ணெய்க்குக் குறைவே இல்லை.

எரிமலையைச் சொன்னீங்கள். 1815 சித்திரையில இந்தோனேசியாவில தம்போரா வெடிச்சது, அதில பறந்த கந்தகம் மேல் வளிமண்டலத்தில மெல்லிய படலமா நிண்டு வெயிலை மறைச்சது. அடுத்த வருசம் 1816ல ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் கோடை காலமே வரேல்ல, ஆனி மாசம் பனி கொட்டினது, பயிர் பட்டுப்போய்ப் பஞ்சம் வந்தது. வெடிச்சது ஒரு தீவில, பட்டினி கிடந்தது உலகத்தின்ர மற்றப் பக்கமும். எரிமலையை ஆராலயும் நிப்பாட்டேலாது தம்பி, ஆனால் வெடிச்ச பிறகு ஒரு போகம் ரெண்டு போகம் விளைச்சல் குறையும் எண்டு முன்கூட்டிச் சொல்லலாம், சேமிச்சு வைக்கலாம், நாடுகள் தங்களுக்குள்ள ஒப்பந்தம் போடலாம். அந்த ஒப்பந்தம் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டதை 2008ல பாத்தம். உலகத்தில அரிசி பெரிசாக் குறையேல்ல, ஆனால் இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியை மறிக்க, மற்ற நாடுகள் பயத்தில வாங்கிக் குவிக்க, சில மாசத்துக்குள்ள உலகச் சந்தையில அரிசி விலை ரெண்டு மூண்டு மடங்கு ஏறினது.

ஆய்வுகூடத் தங்கச்சி

லாந்தர் அண்ணை சொன்னது எல்லாம் சரி, ஆனால் நான் எண்டால் கொள்ளைநோயைத்தான் முதல் வைப்பன். நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில வேலை செய்யிறன், கொரோனா நேரம் முழுக்க அங்கதான். 1918 இன்ஃப்ளுவென்சாவில குறைஞ்சது 5 கோடிச் சனம் செத்திருக்கும் எண்டு மதிப்பிடினம், அதில இந்தியாவில மட்டும் ஒரு கோடிக்கு மேல, அப்ப சனம் பிளேனில பயணம் போற காலமில்லை, கப்பலாலயும் ரயிலாலயும்தான் அந்தளவுக்குப் பரவினது.

குறைக்கலாமோ எண்டு கேட்டீங்கள். பெரியம்மையைச் சொல்லுங்கோ. 20ஆம் நூற்றாண்டில மட்டும் 30 கோடி பேர் அளவில அதால செத்திருக்கினம். 1967ல உலக சுகாதார நிறுவனம் மும்முரமாத் தொடங்கி, ஆருக்கு வந்ததோ அவரைச் சுத்தியிருக்கிற ஆக்களுக்கெல்லாம் தேடித் தேடி ஊசி போட்டு, 1977ல சோமாலியாவில இயற்கையாத் தொற்றின கடைசி ஆள், 1980ல ஒழிஞ்சுது எண்டு அறிவிச்சவை. பனிப்போர் நடந்துகொண்டிருக்கேக்க அமெரிக்காவும் சோவியத்தும் இதில மட்டும் சேர்ந்து நிண்டவை, எனக்கு இதை நினைக்க இப்பவும் நெஞ்சு நிறையும். ஆனால் அதோட 1978ஐயும் சொல்லுங்கோ. நோய் ஊரில இருந்து போன பிறகு இங்கிலாந்தில பேர்மிங்காமில ஒரு ஆய்வுகூடக் கட்டடத்தில இருந்த கிருமி தொற்றி ஒரு பெண் செத்தவ. அதாவது இயற்கையில இல்லாமப் போன நோய் மனுசற்ற கையால திரும்ப வரலாம்.

இண்டைக்கு எனக்கு உள்ளுக்கப் பயம் அதிலதான். டிஎன்ஏயை எழுத்து எழுத்தாச் சொல்லிக் கொம்பனியளிட்ட ஓடர் பண்ணி எடுக்கிற காலம் இது. நல்ல கொம்பனியள் ஓடரைச் சோதிச்சுத்தான் குடுக்கினம், எல்லாரும் கட்டாயம் சோதிக்கோணும் எண்டு உலகம் முழுக்க ஒரு சட்டம் இல்லை. உயிரியல் ஆயுதத் தடை ஒப்பந்தம் 1975ல இருந்து நடைமுறையில இருக்கு, ஆனால் அணுவாயுதத்துக்கு இருக்கிற மாதிரிப் போய்ப் பாத்துச் சோதிக்கிற ஏற்பாடு அதில இல்லை, அதைக் கவனிக்கிற அலுவலகத்தில விரல் விட்டு எண்ணக்கூடிய ஆக்கள்தான்.

எங்களுக்கு என்ன வேலை எண்டால் மலேரியாவைப் பாருங்கோ. உள்ளூரில தொத்தின கடைசி மலேரியா 2012 ஐப்பசி, 2016ல உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. அதே வருசக் கடைசியில மன்னாரில அனோபிலிஸ் ஸ்டெபென்சி எண்ட புது நுளம்பைக் கண்டுபிடிச்சினம், இந்தியாவில பட்டணங்களில மலேரியாவைப் பரப்புற நுளம்பு அது, கிணத்திலயும் தண்ணித் தாங்கியிலயும் பெருகும், பிறகு யாழ்ப்பாணத்துக்கும் வந்திட்டுது. நோய் ஒண்டும் இல்லாத நாட்டில, சான்றிதழ் வாங்கின கையோட, ஆரோ கிணறு கிணறாப் போய்ப் புழு எடுத்துப் பாத்தபடியாத்தான் அது தெரிஞ்சது. கிணத்துக்குள்ள மீன் விடச் சொல்லி வீட்ட வாறவையைச் சில வீட்டில படலையிலயே திருப்பி அனுப்பினம். அவையை உள்ள விடுங்கோ எண்டு உங்கட பேச்சில ஒரு வசனம் சொன்னாலே எனக்குக் காணும்.

உரும்பிராய்த் தோட்டக்காரன்

எல்லாரும் வடிவா எழுதியிருக்கிறீங்கள், ஆனால் எனக்கு மனசு ஒத்து வரேல்ல. 2025 கார்த்திகையில டித்வா புயல் வந்து மலையகத்தில மண் சரிஞ்சு நாடு முழுக்க 600க்கு மேல சனம் போட்டுது. எங்கட பக்கம் மழை பேஞ்சால் வெள்ளம் ஓட வழியில்லை, வாய்க்கால் எல்லாம் மூடிக் கட்டியாச்சு, கிணத்துத் தண்ணியில நைத்திரேற்றுக் கூடிப்போச்சு எண்டு சோதிச்ச ஆக்களே சொல்லினம். உதுகள் கண்ணுக்கு முன்னால நிக்கேக்க விண்கல்லையும் அணுகுண்டையும் பற்றி ஒரு பின்னேரம் கதைச்சால், வந்த சனம் தலையாட்டிப்போட்டுப் போகும், வாய்க்கால் அப்பிடியே கிடக்கும். பெரிய நாடுகள் செய்யிற பிழைக்குப் பெரிய நாடுகள்தான் பதில் சொல்லோணும்.

ஒண்டு மட்டும் சொல்லுறன். 2021ல ரசாயன உரத்தை ஒரேயடியா மறிச்சவை, ஒரு அறிவித்தலில நாடு முழுக்க ஒரு போகம் விழுந்தது. நெல்லு விழுந்தது, தேயிலை விழுந்தது, பிறகு அரிசி இறக்கோண்டி வந்தது. ஒரு இடத்தில எடுக்கிற முடிவு எல்லா வயலையும் ஒரே நேரத்தில விழுத்தும் எண்டதை நான் கண்ணால கண்டனான். அந்த மாதிரி விசயம் எண்டால் கதையுங்கோ, எங்களுக்கு விளங்கும்.

லாந்தர்

தோட்டக்காரத் தம்பி, நீங்கள் கடைசியாச் சொன்னதுதான் முழுக் கதையும். அந்த ஒரு போகம் எங்களுக்கு விழேக்க மியன்மாரில இந்தியாவில அரிசி இருந்தது, வாங்கினம். அங்கயும் விழுந்திருந்தால்? வாய்க்காலையும் இதையும் எதிரெதிரா வைக்கத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். வெள்ளத்துக்கு எண்டு கிராம அலுவலரிட்ட இருக்கிற பெயர்ப் பட்டியல், ஆர் படுக்கையில கிடக்கிற வயசாளி, எந்தக் கிணறு நல்ல தண்ணி, ஆரிட்ட உழவு மெசின் நிக்குது எண்ட விபரம், எந்த ஆபத்து வந்தாலும் முதல் தேவைப்படுறது அதுதான்.

சாவகச்சேரி ரொறன்ரோ

நான் கனடாவில, கொம்பியூட்டர் துறையில இருக்கிறன். தம்பி எல்லாத்தையும் ஒரே தராசில போடாதேங்கோ, நான் நினைக்கிறன் மனுசர் தாங்களே செய்யிற ஆபத்துத்தான் இயற்கை செய்யிறதை விடக் கூட, அதிலதான் எங்களால மாத்தவும் ஏலும்.

விண்கல்லை ஒரு நல்ல உதாரணமா மட்டும் எடுங்கோ. பூமிக்குக் கிட்ட வாற ஒரு கிலோமீற்றருக்குப் பெரிய கல்லுகளில நூற்றுக்கு 90க்கு மேல தேடிக் கணக்கெடுத்தாச்சு, கிட்டடியில மோதுற மாதிரி ஒண்டும் இல்லை. 2022 புரட்டாதியில நாசா டாட் எண்ட விண்கலத்தைக் கொண்டுபோய் டைமோர்ஃபஸ் எண்ட சின்னக் கல்லில மோதவிட்டு, அது பக்கத்தில இருக்கிற பெரிய கல்லைச் சுத்துற நேரத்தை அரை மணித்தியாலத்துக்கு மேல குறைச்சுக் காட்டினது. கொஞ்ச ஆக்கள் பொறுமையாத் தேடினபடியால ஒரு ஆபத்து அளக்கக்கூடியதா மாறினது. பிள்ளையளுக்கு இதையும் சொல்லிவிடுங்கோ, 2013ல ரஷ்யாவில செல்யாபின்ஸ்க்கில கல்லு வானத்தில வெடிக்கேக்க 1500 பேரளவில காயப்பட்டது, கன பேர் வெளிச்சத்தைக் கண்டு யன்னலடிக்கு ஓடிவந்து பாத்துக்கொண்டு நிக்க, பிறகு வந்த அதிர்ச்சி அலையில கண்ணாடி உடைஞ்சுதான். வானத்தில பெரிய வெளிச்சம் கண்டால் யன்னலை விட்டு விலகோணும்.

அணுவாயுதம் வேற. 1962 ஐப்பசி 27, கியூபாவுக்குக் கிட்டக் கடலுக்கடியில நிண்ட சோவியத் நீர்மூழ்கியில கப்டன் அணு டோர்பிடோவை விடுவம் எண்டு வெளிக்கிட, ஒத்துக்கொள்ளாமல் மறிச்சவர் வசிலி அர்ஹிப்போவ். 1983 புரட்டாதி 26, அமெரிக்கா அஞ்சு ஏவுகணை விட்டிட்டுது எண்டு செய்மதி சொல்ல, அது பிழை எண்டு தன்ர யோசனையில முடிவெடுத்து மேலிடத்துக்கும் அப்பிடியே அறிவிச்சவர் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ், மேகத்தில பட்ட சூரிய வெளிச்சத்தைத்தான் செய்மதி ஏவுகணை எண்டு எடுத்தது. இந்த ரெண்டு பேற்ற பேரையும் அந்தப் பிள்ளையள் தெரிஞ்சு கொண்டு போகோணும்.

தோட்டக்கார அண்ணை, பெரிய நாடுகள் பதில் சொல்லட்டும் எண்டீங்கள், ஆனால் இந்தியாவிட்டயும் பாகிஸ்தானிட்டயும் தலா 150க்கு மேல அணுகுண்டு இருக்கு. எரியிற பட்டணங்களில இருந்து எழும்புற கரிப்புகை, மழை மேகத்துக்கும் மேல போனால் கழுவுப்படாது, வருசக்கணக்கா வெயிலை மறைக்கும், குளிரும், மழை குறையும். 2022ல நேச்சர் ஃபூட் எண்ட சஞ்சிகையில வந்த ஆய்வில அந்த ரெண்டு நாடும் மோதினால் உலகம் முழுக்கப் பட்டினியால 200 கோடிக்கு மேல சனம் சாகலாம் எண்டு கணக்குப் போட்டிருக்கினம். எங்களுக்கு மேல ஒரு குண்டும் விழத் தேவையில்லை, பருவமழை பிழைச்சாலே காணும். ஆனால் இதையும் சொல்லுங்கோ, 1986ல உலகத்தில 70,000 அளவில இருந்த அணுகுண்டு இப்ப 12,000 அளவுக்கு வந்திருக்கு. சனம் தெருவில இறங்கிக் கேட்டு, தலைவர்மார் இருந்து கதைச்சு, ஒப்பந்தம் எழுதி, ஆளை ஆள் போய்ச் சோதிச்சு வந்த குறைவு அது.

ஏஐ எண்ட உடன படத்தில வாற ரோபோ மாதிரிச் சனம் யோசிக்கும், அதை முதல் துடையுங்கோ. 2023 வைகாசியில ஒரு வசனத்தில ஒரு அறிக்கை வந்தது, ஏஐயால மனுசர் அழியிற ஆபத்தைக் குறைக்கிறதை கொள்ளைநோய், அணுவாயுதப் போர் மாதிரி உலக முன்னுரிமையா எடுக்கோணும் எண்டு. கையெழுத்துப் போட்டதில ஜெஃப்ரி ஹின்டன், யோசுவா பெஞ்சியோ மாதிரி அந்தத் துறையை உருவாக்கின ஆக்கள், அதைச் செய்து விக்கிற கொம்பனித் தலைவர்மாரும் கூட. எங்கட துறைக்குள்ள இருக்கிற பிரச்சினை என்னெண்டால், அது உள்ளுக்க என்னத்தைப் படிச்சிருக்கு எண்டு செய்த ஆக்களாலயே முழுசாப் பாத்துச் சொல்லேலாது, அதுக்குள்ள ஒராளை ஒராள் முந்த ஓடினம். ஆய்வுகூடத் தங்கச்சி சொன்ன கிருமி விசயத்தில தெரியாத ஒருத்தனுக்கு அது வழி காட்டினால் எப்பிடி, அணுவாயுத முடிவை அதின்ர கையில குடுத்தால் எப்பிடி. 2024 கார்த்திகையில அமெரிக்க சீனத் தலைவர்மார் ரெண்டு பேரும் அணுவாயுத முடிவு மனுசற்ற கையிலதான் இருக்கோணும் எண்டு ஒத்துக்கொண்டது சின்ன விசயமாத் தெரியும், எனக்கு அது பெரிய விசயம்.

இதில யாழ்ப்பாணத்துப் பிள்ளையளுக்கு நேரடி வேலை இருக்கு. ஆங்கிலத்தில கேட்டால் மறுக்கிற ஆபத்தான கேள்வியை, இணையத்தில எழுத்துக் குறைஞ்ச மொழிக்கு மாத்திக் கேட்டால் ஏஐ பதில் சொல்லிப்போடுது எண்டு 2023லயே ஆராய்ச்சி செய்து காட்டினவை. தமிழில, அதுவும் எங்கட பேச்சுத் தமிழில சோதிச்சுப் பாக்க எத்தினை பேர் இருக்கினம்? கம்பஸில கொம்பியூட்டர் படிக்கிற நாலு பேர் சேர்ந்து ஒழுங்கா செய்தால் அது உலகத்துக்கே உதவுற வேலை, விசாவும் வேண்டாம் பிளேனும் வேண்டாம்.

பனங்கூடல்

பஞ்சம் வந்தால் என்னத்தைச் சாப்பிட்டுத் தப்பிறது எண்டதை ஆரும் தொடேல்ல, அதால எழுதுறன். எங்கட அம்மம்மா ஆக்கள் பஞ்ச காலத்தில பனங்கிழங்கைக் காயவைச்சு எடுக்கிற ஒடியல் மாவிலயும் கூழிலயும் புழுக்கொடியலிலயும்தான் தப்பினவை. காயவைச்ச ஒடியல் மாசக்கணக்கில கிடக்கும், கரண்டும் வேண்டாம் ஃபிரிஜ்ஜும் வேண்டாம். பனை காய்க்கப் பன்ரெண்டு பதினைஞ்சு வருசம் வேணும், தேவை வந்த பிறகு நடேலாது, ஆனால் மதிலுக்கு இடைஞ்சல் எண்டு இப்பவும் தறிக்கினம். வெயில் குறைஞ்ச காலத்தில என்ன தின்னலாம், கடற்பாசி வளர்க்கலாமோ எண்டெல்லாம் வெளியில ஆராய்ச்சி செய்யினம், எங்கட கடலில பாசி வளர்க்கிற குடும்பங்கள் ஏற்கெனவே இருக்கு, அவையையும் ஒருக்காப் பேச்சுக்குக் கூப்பிடுங்கோ.

விதையைப் பற்றி ஒண்டு. நோர்வேயில ஸ்வால்பார்ட் தீவில 2008ல ஒரு விதைக் களஞ்சியம் திறந்தவை, மலைக்குள்ள, உறைபனியில. சிரியாவில போர் நடந்து அலெப்போவுக்குக் கிட்ட இருந்த விதை வங்கியில வேலை செய்யேலாமப் போக, 2015ல தாங்கள் முதலே அனுப்பி வைச்ச விதையளை அங்க இருந்து திருப்பி எடுத்து, லெபனானிலயும் மொரோக்கோவிலயும் விதைச்சுப் பெருக்கி, 2017ல திரும்ப ஒரு பங்கைக் கொண்டுபோய் வைச்சவை. 1981ல எங்கட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில 97,000 புத்தகம் எரியேக்க அதில கனக்க ஏட்டுக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் வேற எங்கயும் ஒரு பிரதி இருக்கேல்ல. அதுக்குப் பிறகுதான் எங்கட ஆக்கள் நூலகம் எண்ட இணையத் தளத்தை 2005ல தொடங்கி ஒவ்வொரு பக்கமா ஸ்கான் பண்ணிப் போடினம். விதையோ எழுத்தோ, ரெண்டாவது இடத்தில ஒண்டு இருக்கோணும். உங்கட வாசிகசாலை அலுமாரியில பழைய மலர், பழைய சஞ்சிகை கிடந்தால் அண்டைக்கே அதை ஸ்கான் பண்ணக் குடுக்கிற ஒழுங்கைச் செய்யுங்கோ.

கரவெட்டிப் பொடியன்

எல்லாருக்கும் மனமார நன்றி. தலைவர் ஐயாவுக்கு லாந்தர் அண்ணை எழுதினதை வாசிச்சுக் காட்டினன், சுனாமியில இருந்து தொடங்கச் சொல்லிப்போட்டார். அதில இருந்து எச்சரிக்கைக்குப் போகலாம் எண்டு இருக்கிறன். அண்டைக்குச் சுமாத்திராவில நிலம் நடுங்கி ரெண்டு மணித்தியாலம் அளவில எங்களுக்கு நேரம் இருந்தது, ஹவாயில பூமியதிர்ச்சி பதிவாகியும் இந்து சமுத்திரக் கரைச் சனத்துக்குச் சொல்ல ஒரு வழி இருக்கேல்ல. பிறகு எச்சரிக்கை அமைப்பைக் கட்டி, 2012 சித்திரை 11ல திரும்ப நடுங்கேக்க உடன சைரன் அடிச்சுச் சனத்தைக் கரையில இருந்து மேட்டுக்கு ஏத்தினவை. பெத்ரோவ், பெரியம்மை, ஒடியல் எல்லாம் வரும். உடுத்துறைப் பக்கம் போய் அண்டைக்கு நிண்ட பெரியாக்களிட்ட நேரத்தைக் கேட்டு எழுதி, ஒரு வரைபடமாப் போட்டுக் காட்டவும் யோசிச்சிருக்கிறன்.

ஆய்வுகூடத் தங்கச்சி

நல்லது தம்பி. ஆட்கள் கூடுற இடத்தில யன்னல் எல்லாத்தையும் திறந்து வைச்சிட்டே கதையுங்கோ, ஏன் திறந்தனீங்கள் எண்டு கேட்டால் காத்தால பரவுற கிருமியைப் பற்றி அதிலயே சொல்லலாம்.

லாந்தர்

வரைபடம் போட முதல் ஒண்டைக் கவனியுங்கோ. 2004ல இலங்கையில அரசாங்க நேரம் கிறீன்விச்சை விட ஆறு மணித்தியாலம் முன்னுக்கு, இப்ப இருக்கிற மாதிரி அஞ்சரை இல்லை, 2006 சித்திரையிலதான் திருப்பி மாத்தினவை. அப்ப நிலம் நடுங்கினது அரசாங்க நேரப்படி காலமை 6.58. ஆனால் புலிகளின்ர பக்கம் இருந்த இடங்களில பழைய நேரத்தைத்தான் பாவிச்சவை, அங்க அது 6.28. முல்லைத்தீவு ஆள் சொல்லுற நேரத்துக்கும் பருத்தித்துறை ஆள் சொல்லுற நேரத்துக்கும் அரை மணித்தியாலம் வித்தியாசம் வரும். எந்த மணிக்கூட்டில பாத்தவை எண்டதையும் சேர்த்துக் கேட்டு எழுதுங்கோ.